மேல் பட்டன்

ஜூன் 9

இன்று என் அறையை அளந்தார்கள்.

முதல் வகுப்பு முடிந்து வந்து பார்க்கிறேன், தச்சர் ஒருவர் என் மேசையைச் சுவரிலிருந்து தள்ளிவிட்டு டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இங்க மூணு அலமாரி வரும் மேடம்" என்றார், எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. எதற்கு அலமாரி? "நாடகத் துணி வைக்க."

நேராக முதல்வர் அறைக்குள் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை. அவர் எழுந்து நின்று, தண்ணீர் கொடுத்து, "உங்க பாடம் ரொம்ப முக்கியமான பாடம் மேடம்" என்று ஆரம்பித்தார். அப்போதே தெரிந்துவிட்டது. முக்கியமான பாடம் என்று யாராவது சொன்னால் மூட்டை கட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். தத்துவத் துறையில் ஆசிரியர் என்று இருப்பது நான் ஒருத்தி. சேருகிற மாணவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். இந்தப் பருவம் நாடகத் துறையோடு சேர்ந்து ஒரு பாடம் நடத்த வேண்டுமாம். முடிவில் ஒரு நாடகம் போட வேண்டுமாம். வெளியிலிருந்து மூன்று பேர் குழு வந்து பார்க்கும். தத்துவத்துக்கும் கலைக்கும் ஏதோ உருப்படியான சம்பந்தம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றினால் என் துறை இருக்கும். தோன்றாவிட்டால் அறை துணிகளுக்கு. நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எல்லாருக்கும் 'நல்லொழுக்கம்' சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஓய்வு பெறலாம்.

நல்லொழுக்கம்! நான்!

"இன்னும் முடிவே ஆகலையே சார், அதுக்குள்ள எதுக்கு அளக்கிறீங்க?"

"சும்மா ஒரு முன்னேற்பாடு மேடம்."

"ஆள் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே பெட்டிக்கு அளவெடுக்கிறதுக்குப் பேரு முன்னேற்பாடா?"

திரும்பி வந்து மேசையை நானே பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன்.

ஜூன் 10

இடுப்புப் பிடித்துக்கொண்டது. பரவாயில்லை. மேசை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

ஜூன் 17

நாடகத் துறை ஆசிரியையைச் சந்தித்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது, விளையாட்டு வாத்தியார் மாதிரி. ஒத்திகையில் யாராவது பொய்யாக நடித்தால் ஊதுவாளாம். மாணவர்கள் அவளை 'விசில்' என்றுதான் சொல்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். "பாருங்க, கலை உதாரணம் குடுக்கும், தத்துவம் அதுல இருந்து உண்மையை எடுக்கும். இப்படிப் பாடத்தைப் பிரிச்சுக்கலாம்" என்றேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப நாங்க மாடு மேய்க்கணும், நீங்க பால் கறப்பீங்க" என்றாள்.

சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் முன்னால் சிரிப்பதாக இல்லை.

கடைசியில் ஒரு கதைக்கு ஒத்துக்கொண்டோம். ஞாபகம் முழுக்கப் போய்விட்ட ஒரு மனிதர். நன்றாக இருந்த காலத்தில் மனைவியிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், 'எந்த நிலைமையிலும் என்னை வேற ஆளுங்க கையில விட்டுடாதே' என்று. இப்போது அவருக்கு மனைவியையே அடையாளம் தெரியவில்லை. மனைவியின் அக்கா வந்து, அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடு என்று வாதாடுகிறாள். அவ்வளவுதான் நாடகம்.

அக்காவின் வாதத்தை நான் எழுதுகிறேன். மனைவிக்கு ஒரு வசனமும் கிடையாது. அது விசிலின் நிபந்தனை. "பேசிப் பதில் சொன்னா அது உங்க வகுப்பு மேடம். என் நாடகம் இல்ல."

சரி, பேசாதவளை ஜெயிப்பதில் எனக்கென்ன கஷ்டம்?

ஜூலை 2

இரண்டு துறையும் சேர்ந்த வகுப்பில் நாடகத் துறை மாணவி ஒருத்தி. கேள்வி கேட்டால் முகத்தைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். பேசாமடந்தை. "வாயைத் திறக்காதவங்களுக்கு என் வகுப்புல மார்க் இல்லை" என்றேன். அதற்கும் முகத்தைப் பார்த்தாள். விசில் அவளைத்தான் மனைவியாகப் போட்டிருக்கிறாள். பொருத்தம்தான்!

ஜூலை 15

வாதத்தை எழுதி முடித்தேன். இதன் முக்கியமான இடத்தை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் எனக்கே பிடித்திருக்கிறது:

"வாக்கு என்பது இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் கயிறு. ஒரு முனையில் ஆள் இல்லாமல் போனால் அது வெறும் கயிறு. உன்னிடம் வாக்கு வாங்கியவர் இந்த நாற்காலியில் இல்லை. நீ மீறுவதற்கு வாக்கே மிச்சமில்லை."

நாலு நாள் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. நாடகத்தின் முடிவில் மனைவி பெட்டியை எடுத்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட வேண்டும் என்று அடம்பிடித்தேன். வாதம் ஜெயித்தால் முடிவும் அதன்படிதானே இருக்க வேண்டும்? விசில் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் ஒத்துக்கொண்டாள்.

ஜூலை 24

இப்படி ஒரு காரியம் செய்வேன் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஒத்திகை பார்க்கப் போனேன். அக்காவாக நடிக்கும் பெண் என் வாதத்தை அழுதுகொண்டே சொல்கிறாள். கயிறு என்று சொல்லும்போது மூக்கை உறிஞ்சுகிறாள். எவ்வளவு நேரம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எழுந்து கத்திவிட்டேன். "நிறுத்துமா! வாதத்தை அழுதுக்கிட்டே சொல்லக் கூடாது! அழுதா எதிராளி எப்படிப் பதில் சொல்லுவா? அது பிடுங்கித் தின்கிற மாதிரி!"

"அப்ப எப்படிச் சொல்லணும்?" என்றாள் விசில், வேண்டுமென்றே.

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினேன். சொல்லிக் காட்டினேன். முதலிலிருந்து கடைசிவரை, வகுப்பில் சொல்வதுபோல. சொல்லி முடித்துத் திரும்பினால் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விசில் ஊதவில்லை.

"நீங்களே பண்ணுங்க மேடம்" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அழுத பெண் தலையாட்டுகிறாள், அவளுக்கு நிம்மதி!

ஜூலை 25

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சிரித்துச் சிரித்துக் கீழே விழாத குறை. "புரொபசர், நீ வீட்ல பண்ணாத நாடகமா?" என்றார். பல் டாக்டர் இல்லையா, எதிராளி வாயைத் திறந்துகொண்டு பதில் பேச முடியாமல் கிடப்பதைப் பார்த்துப் பழக்கமாகிவிட்டது. அந்தத் தைரியம்.

ஆகஸ்ட் 6

முதல் நாள் விசில் ஊதாதது என்னை மயக்கிப் பிடிக்க. இப்போது வரிக்கு வரி ஊதுகிறாள். காது போய்விடும்.

"இதுல என்ன பொய் இருக்கு? நானே எழுதின வாதம்!" என்றேன்.

"நீங்க யோசிச்சு முடிச்சதைச் சொல்றீங்க மேடம். அன்னிக்கு மேடையில ஏறினப்போ யோசிச்சுக்கிட்டே சொன்னீங்க."

"முடிச்சதைத்தானே சொல்ல முடியும்? முடிக்காம எப்படிச் சொல்றது?"

"அதைத்தான் நாங்க தினம் பண்றோம்."

பதில் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு.

ஆகஸ்ட் 13

அடுத்த கூத்து. கணவனாக நடிக்கும் பையன் நிமிஷத்துக்கு ஒரு முறை தலையைச் சொறிகிறான், 'ஞாபகம் போன ஆள்' என்று காட்டுகிறானாம். ஞாபகம் போனால் பேன் வருமா?

இவர் கிளினிக்கை மூடிவிட்டு என்னைக் கூட்டிப்போக வந்தார். ஒத்திகை முடியவில்லை என்றதும் முதல் வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கண் திறந்து எங்கேயோ பார்த்துக்கொண்டு, அரைத் தூக்கத்துக்குப் போய்விட்டார். பகலெல்லாம் நின்று வேலை செய்கிற மனுஷன்.

விசில் கையை நீட்டி, "இவர்தான்" என்றாள்.

"இவர் என் வீட்டுக்காரர்மா."

"தெரியுது. இவர்தான்."

இவரைக் கேட்டால் தலைகால் புரியவில்லை. "வசனம் கிடையாதா? உட்கார்ந்தே இருக்கணுமா? கல்யாணமானதுல இருந்து அதுக்குத்தானே பயிற்சி எடுத்துக்கிட்டு இருக்கேன்!"

ஆக, நான் மேடையில் நின்று, என் சொந்தக் கணவரைக் காட்டி, 'இந்த நாற்காலியில் யாரும் இல்லை' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடலாம். வாதம் வாதம்தான்.

செப்டம்பர் 5

கல்லூரி ஆட்களுக்கு மட்டும் போட்டோம் இன்று. குழு அடுத்த மாதம்தான் வருகிறது, ஆனால் முதல்வர் முன்வரிசையில் இருந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விசில் கட்டியிருந்த அசைவு இப்படி: நான் வாதாடுகிற நேரம் முழுக்க, பேசாமடந்தை நாற்காலியில் இருக்கும் கணவருக்குச் சட்டை போட்டுவிடுவாள். கீழிருந்து ஒவ்வொரு பட்டனாக. என் வாதம் முடியும்போது மேல் பட்டனைப் போட்டு முடிப்பாள். அவள் எழுந்து பெட்டியை எடுத்து வருவாள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். திரை.

இன்று அந்தப் பெண் இரண்டாவது பட்டனை மூன்றாவது ஓட்டையில் போட்டுவிட்டாள். நான் பார்த்துவிட்டேன். அவள் பார்க்கவில்லை. ஒத்திகையில் ஒருமுறைகூட நடக்காதது. நானும் நிறுத்தவில்லை, என் பாட்டுக்குக் கயிறு வரைக்கும் வந்துவிட்டேன். அவள் மேல் பட்டனுக்கு வந்தபோது ஒரு பக்கம் தொங்குகிறது, காலர் கோணிக்கொண்டு காதைத் தொடுகிறது. இவர் எதையும் காணாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "அவருக்கு எதுவும் தெரியாது. யாரும் உன்னைக் கேக்கப் போறதில்லை. யாருக்காகடி இதெல்லாம்?"

அவள் சட்டையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கை அப்படியே நின்றது.

பிறகு எல்லா பட்டனையும் கழற்றினாள். மேலிருந்து ஒவ்வொன்றாக. அவசரமே இல்லை. இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சரிபார்த்துவிட்டு, கீழிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

அவருக்குத் தெரியாது. யாரும் கேட்கப் போவதில்லை. என் வாதப்படி, கோணல் சட்டையோடு அவரை அனுப்பினால் யாருக்கும் எதுவும் குறையாது. ஆனால் குறையும். எனக்குத் தெரிந்தது. அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எதிர்முனையில் ஆள் இல்லாவிட்டாலும் கயிறு இழுக்கிறதே! நாலு நாள் தட்டித் தட்டிப் பார்த்து எனக்குக் கிடைக்காத ஓட்டை, அந்தச் சட்டையில் கண்ணெதிரே இருந்தது.

என் தொழிலுக்கு ஒரே ஒரு விதிதான். ஓட்டையைப் பார்த்தால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எத்தனை வகுப்பில் எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். வாய் தானாகத் திறந்தது.

"நான் சொன்னது தப்புடி" என்றேன்.

அது வசனத்தில் இல்லை. வசனம் அதற்கு நேர் எதிர். நாடகம் போடும்போது நடுவில் நின்று 'என் கட்சி தோற்றது' என்று சொல்கிற கிறுக்கு உலகத்தில் என்னைத் தவிர எவளாவது இருப்பாளா? அந்தப் பெண் வெலவெலத்துப்போய் என்னைப் பார்த்தாள். அப்புறம், எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை, தயாராக இருந்த பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். விளக்குக்காரப் பெண் (அன்று அழுதவள்) எதை அணைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டாள்.

கைதட்டல் வந்தது. நான் இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். விசில் பக்கவாட்டிலிருந்து வந்து என் தோளைப் பிடித்தாள். "விசிலை வாயில வெச்சுட்டேன் மேடம். ஊத மூச்சு வரலை."

முதல்வர் கேட்டார்: "இது முதல்ல இருந்தே ஸ்கிரிப்ட்டுல இருந்ததா?"

"இல்லை சார், நான் தோத்துட்டேன்" என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு இவ்வளவு பெருமையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் இப்படி நேர்மையாகத் தோற்கடித்ததில்லை. கத்தி ஜெயித்திருக்கிறார்கள், பதவியைக் காட்டி ஜெயித்திருக்கிறார்கள். இது வேறு.

செப்டம்பர் 6

பேசாமடந்தை என் அறைக்கு வந்தாள். கதவோரம் நின்றாள். முதல் முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

"மேடம், சாரி. அது வேணும்னு பண்ணலை. கை நடுங்கிடுச்சு. தப்பா போட்டுட்டேன். அதான் கழட்டிப் போட்டேன்."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்னை மறுத்தது ஒரு வாதமே இல்லையா? ஒரு கைநடுக்கமா? இல்லை, இரு. தப்பாகப் போட்டது நடுக்கம். திருத்திப் போட்டது? அதை யார் செய்தது, நடிகையா, அந்த மனைவியா? அவளுக்கே தெரியாது. நான் பார்த்தது பொய் இல்லை. செய்தவளுக்குத் தெரியாத அர்த்தம் செய்கையில் இருக்க முடியுமா? முடிந்தால், எழுதியவளுக்குத் தெரியாத ஓட்டை வாதத்தில் இருப்பதுபோலத்தானே அது?

காலையிலிருந்து இதுதான் ஓடுகிறது. சாதத்துக்கு அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15

செத்துப்போய்விட்டது. நாடகம்.

குழுவுக்கும் அப்படியே போட்டுக்காட்ட வேண்டும் என்று முதல்வர் ஆசைப்படுகிறார். பட்டனைத் தப்பாகப் போட்டுக் கழற்றுவதை அந்தப் பெண் வேண்டுமென்றே செய்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. நான் "தப்புடி" என்கிறேன். அதைவிடக் கேவலம். ஒருமுறை உண்மையாகத் தோற்றவள் மறுபடி எப்படித் தோற்பது? தெரிந்த ஓட்டையைப் பார்த்துத் திடுக்கிடுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு வராது. வரவும் வேண்டாம்.

விசில் எங்கள் இருவருக்கும் மாறி மாறி ஊதினாள். கடைசியில் விசிலைக் கழற்றி மேசையில் வீசிவிட்டாள்.

செப்டம்பர் 16

அறையில் தச்சர் பென்சிலால் போட்ட கோடுகள் சுவரில் இருக்கின்றன. இதுவரை கண்ணில் படவில்லை.

செப்டம்பர் 19

சண்டை. நல்ல சண்டை, என் அறையில், பேசாமடந்தையையும் வைத்துக்கொண்டு.

"தினம் தினம் புதுசா ஆக்குறதுதான் எங்க வேலை" என்றாள் விசில். "நீங்க ஒருதடவை உண்மையைக் கண்டுபிடிச்சா அதோட அலமாரியில வெச்சுப் பூட்டிடுவீங்க."

"கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிச்ச மாதிரி காட்டுறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு."

"அப்ப கண்டுபிடிங்க! யாரு வேணாம்னா? பழைய வாதம் செத்துப்போச்சுன்னா புதுசா ஒண்ணு கொண்டுவாங்க. எனக்கும் சொல்லாதீங்க, அவளுக்கும் சொல்லாதீங்க. நிஜமா ஜெயிக்கிறதுக்கு வாங்க."

"ஜெயிச்சுட்டா?"

"அவரை அனுப்பிடுவோம்."

"குழு முன்னாடி எல்லாம் சொதப்பிட்டா?"

"உங்க துறை மேடம். நீங்க சொல்லுங்க."

சுவரில் இருந்த கோடுகளைப் பார்த்தேன். மூன்று அலமாரி. பாதுகாப்பாகப் பொய் சொல்லி அறையைக் காப்பாற்றினால், காப்பாற்றிய அறையில் உட்கார்ந்து நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?

"சரி" என்றேன். பேசாமடந்தை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பயம் இருந்தது கண்ணில். கூடவே 'வா பார்க்கலாம்' என்று ஒரு சவாலும். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அக்டோபர் 8

புது வாதம் கையில் இருக்கிறது. பழையதைவிடக் கொடுமையானது. இவரிடம்கூடச் சொல்லவில்லை. "என்னைப் பத்தித்தானே பேசப்போற, எனக்கே சொல்லக் கூடாதா?" என்கிறார். நாளைக்குத் தெரியும்.



அக்டோபர் 9

குழு வந்தது. மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள். முகத்தைப் பார்த்தால் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. அவர் பக்கத்தில் முதல்வர் கையைப் பிசைந்துகொண்டு.

மேடையில் இவர். நாற்காலி, பெட்டி, அலமாரி. அவள் பட்டன் போட ஆரம்பித்தாள், ஒழுங்காக, கீழிருந்து. நான் பழைய வாதத்தைத் தொடவே இல்லை.

"சரி, வாக்கு இருக்குன்னே வெச்சுக்கோ. ஆனா நீ அவருக்காகச் செய்யலை. அவருக்கு நீ யாருன்னே தெரியாது. 'நான் கைவிடலை, நான் அப்படிப்பட்டவ இல்லை'ன்னு உனக்கு நீயே சொல்லிக்கிறதுக்காகச் செய்யுற. ஊர் மெச்சணும், நீயே உன்னை மெச்சிக்கணும். இது அன்பு இல்லடி. கர்வம்."

அவள் கை நின்றது. மேல் பட்டன் மட்டும் பாக்கி.

அவளிடம் பதில் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அடிபட்டதுபோல நின்றாள். நான் ஜெயித்துவிட்டேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இல்லை. யாராவது நிறுத்துங்களேன் என்று இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு போய் இவர் முன்னால் நிறுத்தி, என் கையை அந்தக் காலரில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போனாள்.

'நீ போடு.' அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

போட வேண்டியதாயிற்று. என் கை அந்தப் பட்டனைப் பிடித்ததும் இவர் தாடையைத் தூக்கினார். எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார், முகத்தில் எந்த அடையாளமும் இல்லை, தாடை மட்டும் தானாக மேலே போயிற்று, எனக்கு இடம் கொடுக்க. விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் இந்த மேல் பட்டனை நான்தான் போட்டுவிடுவேன், இவருக்கு விரல் தடிமன், வராது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் தூக்குவார்.

இந்த நாற்காலியில் யாரும் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான்.

பட்டனைப் போட்டேன். போடும்போது இது அன்பா கர்வமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க எனக்குள் ஆளே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நான்! வாயைத் திறந்து ஒன்றும் வராமல்! போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக நானே அலமாரியில் அடுக்கினேன். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கு மெதுவாக இறங்கியது. இந்த முறை சரியாக.

பிறகு எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். சங்கிலிக் கண்ணாடி அம்மாள்தான் முதலில்: "நாடகம் நல்லா இருந்தது. ஆனா இதுல தத்துவம் எங்க இருக்கு? கடைசியில அது தோத்துதானே போச்சு?"

முதல்வர் முகம் வெளுத்துவிட்டது. விசில் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றே சொன்னேன், உட்கார்ந்து சொல்கிற பதில் இல்லை அது.

"ஆமாம்மா, தோத்தது தத்துவம்தான். ஆனா தோத்துட்டேன்னு ஒத்துக்கவும் ஒரு படிப்பு வேணும். அதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். இவங்க செஞ்சு காட்டினது ஒரு கேள்விக்குப் பதில். அந்தக் கேள்வியை யாராவது ஈவு இரக்கம் இல்லாம கேட்டாத்தான் பதில் வரும். என் அறையை எடுத்துட்டீங்கன்னா பட்டன் போட ஆள் இருப்பாங்க, 'எதுக்குப் போடுற?'ன்னு கேட்க ஆள் இருக்க மாட்டாங்க. எதுக்குன்னு கேட்காம போடுற பட்டனைப் பார்க்க யாரு வருவா?"

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். இருக்கட்டும். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும் விசில், "அக்கா" என்றாள். மேடம் இல்லை. "அக்கா, பின்னிட்டீங்க."

அக்டோபர் 10

காலையில் கேட்டேன், "தாடையைத் தூக்கணும்னு விசில் சொன்னாளா?"

"எந்தத் தாடை?"

"நேத்து மேடையில தூக்கினீங்களே."

"நானா? தூக்கினேனா?" சத்தியமாகத் தெரியவில்லை இவருக்கு. "நான் அந்தப் பொண்ணு உன்னை எதுக்கு இழுத்துட்டு வர்றான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

கிட்டே போனேன். சட்டைக் காலரில் கை வைத்தேன். தாடை மேலே போயிற்று.

"என்ன சிரிக்கிற?" என்றார். சிரித்தேனா அழுதேனா, அது எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமாக வாக்கு, அடையாளம், ஆள் என்று பாடம் எடுத்தவள். பதில் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. அது கர்வமா என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னை வாயடைக்க வைத்தாள், மறுக்கவில்லை. அந்த வாதம் அப்படியே நிற்கிறது. அது உறுத்துகிறது.

நவம்பர் 21

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். துறை இருக்கிறது. "உங்க பாடம் ரொம்ப முக்கியமான பாடம் மேடம்" என்றார். இந்த முறை நம்பினேன்.

நவம்பர் 24

தச்சர் வந்தார், சுவரில் உள்ள கோட்டை அழிக்க. வேண்டாம், ஒரு அலமாரி மட்டும் அடித்துக் கொடுங்கள் என்றேன். விசிலின் நாடகத் துணிகள் அறையில்லாமல் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. மனுஷங்க போட வேண்டிய சட்டை, ஈரத்தில் கிடக்கலாமா?

ஜனவரி 12

புதுப் பருவம். முதல் வகுப்பு, என் அறையிலேயே.

இடம் போதவில்லை. இரண்டு பேர் விசிலின் துணிப்பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவில் பெயர் படித்துக்கொண்டே வந்து, ஒரு பெயரில் நிமிர்ந்தேன். பேசாமடந்தை. நாடகத்தோடு தத்துவத்தையும் பிரதான பாடமாக எடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. விசிலிடமும் சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வாள்?

பாடத்தை ஆரம்பிக்கச் சாக்பீஸை எடுத்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"மேடம், நீங்க குழு வந்தன்னிக்குச் சொன்ன வாதம் தப்பு. கர்வம் இருந்தா அன்பு இருக்க முடியாதுன்னு நீங்க நிரூபிக்கவே இல்லை. சும்மா வெச்சுக்கிட்டீங்க. அன்னிக்கு எனக்குச் சொல்லத் தெரியலை. மூணு மாசமா யோசிச்சேன். இப்ப சொல்லட்டுமா?"

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.

சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, ஓரிடத்தில் தவறாகப் போய்விட்டாள். நின்றாள். பலகையில் எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. நான் கடைசி வரிசையில் துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன், இன்று வகுப்பு முழுக்க நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று.

இவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார், காய்ச்சலா என்று.